எடை குறைக்கும் குழுவில் சேரலாமா? பாளையங்கோட்டையிலிருந்து கேள்வியும் பதிலும்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கிறவர்களில் சிலர் சேர்ந்து நடத்தும் குழு இது. பெயர்ப் பலகையோ அலுவலகமோ கிடையாது. வாரம் ஒருமுறை கூடுவோம். மற்ற நாட்களில் இரண்டிரண்டு பேராக ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வோம். டவுன், மேலப்பாளையம், பேட்டை, முக்கூடல், அம்பாசமுத்திரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, குழுவைப் பார்த்துக்கொள்கிறவர்களில் ஒருத்தி. நோய், மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

குழுவில் அப்படி என்னதான் நடக்கும்?

ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்ததும் வட்டமாக உட்காருவோம். ஒவ்வொருவரும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். போன வாரம் என்ன செய்வதாகச் சொன்னோம், அதில் எது நடந்தது, வருகிற வாரம் என்ன செய்யப் போகிறோம். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம் போதும்.

"இனிமே கொறச்சுச் சாப்பிடுவேன்" என்று யாராவது சொன்னால் நாங்கள் விடுவதில்லை. எதைக் குறைப்பீர்கள், எந்த வேளையில், எவ்வளவு என்று கேட்போம். ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர், சாப்பாடெல்லாம் அளவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை மட்டும் இறங்கவே மாட்டேங்குது என்று வருத்தப்பட்டார். காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன வாய்க்குள் போகிறது என்று வரிசையாகச் சொல்லச் சொன்னோம். வீட்டில் இரண்டு டீ, மைதானத்துக்கு வெளியே ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் கடைத்தெருவில் இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. ஒரு டீஸ்பூன் சீனி சுமார் 5 கிராம். அப்படியென்றால் டீயில் மட்டும் நாளைக்கு 60 கிராம் சீனி. ஒரு நாளைக்கு மொத்தமே 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. அவருக்கு அன்று நாங்கள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கணக்கை அவரே வாய்விட்டுச் சொன்னார், அவரே நிறுத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். அடுத்த வாரத்துக்கு, "கடை டீ ரெண்டும் சீனி இல்லாம" என்று எழுதிக் கொடுத்தார். இப்படி ஒன்றை வைத்துத்தான் அடுத்த ஞாயிறு கேள்வி கேட்க முடியும்.

எல்லார் முன்னாலும் எடையைச் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். சேர வருகிறவர்களில், குறிப்பாகப் பெண்களில், பாதிப் பேர் தயங்குவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எடைக் கருவி எங்களிடம் இருக்கிறது. விருப்பப்பட்டவர்கள் மாதம் ஒரு தடவை தனியாக ஏறிப் பார்த்து, தங்கள் நோட்டில் மட்டும் குறித்துக்கொள்ளலாம். யாருடைய எடையையும் இன்னொருவர் கேட்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. வட்டத்தில் கேட்கப்படுவது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது மட்டும்தான். எத்தனை நாள் நடந்தீர்கள், ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு, கூட்டும் பொரியலும் தட்டில் எவ்வளவு.

இப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. நடப்பதும் சாப்பிடுவதும் உங்கள் கையில் இருக்கிறது. எடைக் கருவி காட்டும் எண் முழுக்க உங்கள் கையில் இல்லை. உப்பு கூடினால், மாதவிலக்கு நெருங்கினால், மலச்சிக்கல் இருந்தால் ஒரு கிலோ இரண்டு கிலோ ஏறி நிற்கும். ஒழுங்காக ஒரு வாரம் நடந்த பெண் கருவியில் ஏறி, அரைக் கிலோ கூடியிருப்பதைப் பத்துப் பேர் முன்னால் வாசிக்க நேர்ந்தால் அடுத்த வாரம் வர மாட்டாள்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் முடிவை வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சர்க்கரை நோய் வரும் எல்லையில் இருந்த 531 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு உணவு, நடை பற்றிய ஆலோசனையைத் தொடர்ந்து கொடுத்தார்கள். அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எடை சொல்லிக்கொள்ளும்படி குறையாமலேயே அந்தப் பலன் கிடைத்தது. நம் ஊர் உடம்பு வைத்து நடந்த ஆய்வு அது. கருவி அசையாத மாதங்களில் மனசு விடுகிறவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எவ்வளவு எடை இருந்தால் சேரலாம்?

கிலோவில் இருக்கும் எடையை, மீட்டரில் இருக்கும் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. நம்மவர்களுக்கு 23-க்கு மேல் போனால் கூடுதல் எடை, 25-க்கு மேல் போனால் உடல் பருமன். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது 59 கிலோவும் 64 கிலோவும். "இது ஒரு எடையா, வளத்தியா நல்லாத்தானே இருக்கா" என்று வீட்டில் சொல்லும் எடைதான் இது. மேல்நாட்டு அட்டவணையில் 25, 30 என்று இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கை கால் ஒல்லியாக இருந்தும் வயிற்றில் கொழுப்பு சேருவது நம்மிடம் அதிகம்.

அதனால் இடுப்பையும் அளந்து பாருங்கள். தையல் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபடி அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய நேரம். இந்த எண்ணெல்லாம் இல்லாமல், நடக்க ஒரு துணை வேண்டும் என்று மட்டும் வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம்.

கட்டணம் உண்டா?

கிடையாது. பவுடர், டானிக், கஷாயம் எதுவும் விற்கவும் மாட்டோம். நல்ல மனசோடு கூப்பிட்டுக் கூட்டம் நடத்தி, கடைசியில் டப்பாவை நீட்டும் குழுக்கள் நம் ஊரிலும் உண்டு. சேருவதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் யாராவது எதையாவது விற்கிறார்களா? ஆமாம் என்றால் அங்கே உங்களை விசாரிக்கிற அக்கறையில் வியாபாரமும் கலந்திருக்கும்.

சோற்றை நிறுத்தச் சொல்வீர்களா? அல்வா, சொதி எல்லாம்?

தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களிடம் சோற்றை நிறுத்து என்றால் நாலு நாள் கேட்பார்கள், அஞ்சாம் நாள் இரண்டு மடங்காகச் சாப்பிடுவார்கள். நாங்கள் மாற்றச் சொல்வது தட்டின் கணக்கை. பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு சோறு. மீதிக் கால் தட்டில் பருப்பு, பயறு, முட்டை, மீன் ஏதாவது. சோற்றுக்கு ஒரு சின்ன கிண்ணம் வைத்துக்கொண்டு, கிண்ணத்தால் அளந்து போட்டு, பானையைத் திரும்ப அடுக்களைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். பானை பக்கத்தில் இருந்தால் கை போகும்.

நம் பக்கத்துச் சமையலில் எடை ஏறுவது பெரும்பாலும் தேங்காயிலும் எண்ணெயிலும்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. இட்லியில் என்ன இருக்கிறது என்று யோசிக்கிறோம், மிளகாய்ப் பொடியில் குழி பறித்து ஊற்றும் நல்லெண்ணெயை நினைப்பதே இல்லை. சொதியில் காயும் பாசிப்பருப்பும் இருப்பதால் அது நல்ல சாப்பாடுதான். ஆனால் முழுக்கத் தேங்காய்ப் பால், பக்கத்தில் உருளைக்கிழங்கு சிப்ஸ். மறுவீட்டு விருந்தில் சாப்பிடுங்கள், வீட்டில் மாதம் ஒருமுறை வையுங்கள். உளுந்தங்களியும் அப்படித்தான். வயசுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய் சேர்த்துக் கிண்டிக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. அதே களியை உட்கார்ந்த வேலை பார்க்கும் பெரியவர்களும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டால் என்ன ஆகும்? கருப்பட்டிக்குச் சீனியைவிட மணம் உண்டு, கலோரியில் அதிக வித்தியாசம் இல்லை.

அல்வா பற்றிக் கேட்காத ஆளே இல்லை. சம்பா கோதுமைப் பாலும் சீனியும் நெய்யும் சேர்ந்த பொருள், அதில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் நின்று இலையில் வாங்கி ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்கு அரைக் கிலோ பொட்டலம் வந்துவிட்டால்தான் சிக்கல்.

கோயில் கொடை, கல்யாணம், நோன்பு வந்தால்?

சுடலைமாடன் கோயில் கொடைக்குச் சொந்த ஊருக்குப் போய்விட்டுப் படப்புச் சோறு சாப்பிடாமல் வர முடியாது, வரவும் வேண்டாம். போகும் முன்பே உங்கள் துணையிடம் சொல்லிவிடுங்கள்: "இந்த மூணு நாள் கணக்கு வைக்க மாட்டேன், திங்கக்கிழமை காலையில மைதானத்துக்கு வந்துருவேன்." திரும்பி வரும் நாள் முன்கூட்டியே முடிவாகிவிட்டால் அந்த மூன்று நாள் மூன்று வாரமாக இழுக்காது.

ரம்ஜான் மாதத்தில் மேலப்பாளையத்து அன்பர்கள் காலை நடையை நிறுத்திவிட்டு, நோன்பு திறந்து தொழுகை முடிந்த பிறகு நடக்கிறார்கள். நோன்புக் கஞ்சியோடு வடை, சமோசா எத்தனை என்று மட்டும் துணையிடம் சொல்லிக்கொள்வார்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் நோன்புக்கு முன்பே டாக்டரிடம் அளவை மாற்றிக் கேட்டுக்கொள்வது அவசியம்.

துணையை எப்படிச் சேர்த்து வைப்பீர்கள்? கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கலாமா?

இருவரும் குழுவில் இருக்கலாம், ஆனால் ஒருவருக்கொருவர் துணையாக வைக்க மாட்டோம். வீட்டுக்குள் "எத்தனை தோசை சாப்பிட்ட?" என்ற கேள்வி வேறு எதையெல்லாமோ கிளறிவிடும். பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள், முடிந்தால் ஒரே தெரு அல்லது ஒரே பஸ் ரூட்.

துணையின் வேலை கொஞ்சம்தான். தினமும் ஒரு செய்தி அல்லது ஒரு நிமிஷப் போன். திட்டுவதற்கும் புத்தி சொல்வதற்கும் அங்கே இடமில்லை. "மதினி, இன்னைக்கு நடந்தியளா?" என்று கேட்டால் போதும். மகளிர் சுய உதவிக் குழுவில் வாரச் சேமிப்பு எப்படி நடக்கிறது என்று நம் பெண்களுக்குத் தெரியும். நோட்டில் தன் பேருக்கு நேரே வெறும் கட்டம் இருக்கக் கூடாது என்பதற்காகவே நாலு வீட்டில் கேட்டாவது பணத்தைக் கொண்டுவந்து கட்டுவார்கள். அதே பழக்கம்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

வாட்ஸ்ஆப் குழு மட்டும் போதாதா?

வெளியூரில் இருப்பவர்களுக்கு அதுவாவது இருக்கட்டும். நேரில் வர முடிந்தவர்கள் வாருங்கள். போனில் "ஓகே" என்று போட்டுவிட்டுத் தப்பித்துவிடலாம், முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு. எங்கள் வாட்ஸ்ஆப்பில் தட்டுப் படம், நடைக் கணக்கு, வர முடியாத தகவல் இவை மட்டும் போடலாம். காலை வணக்கப் படம், மூன்றே நாளில் தொப்பை கரைக்கும் பானம், அடுத்தவர் புகைப்படம் மூன்றும் கூடாது.

பீடி சுற்றுகிற எங்களுக்கு மைதானம் வர நேரம் ஏது?

முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த கேள்வி. எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் கேள்வியும் இதுதான். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலை, தூள், நூல். காலையில் உட்கார்ந்தால் இலை தீரும்வரை முதுகு வளைந்தபடிதான். இடையில் அடுப்படிக்கு எழுந்தால் கணக்குக் குறைந்து கூலி குறையும். இவர்களைப் பார்த்துக் காலையில் ஒரு மணி நேரம் நடங்கள் என்று யாராவது சொன்னால் அவர் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று அர்த்தம்.

ஆனால் ஒன்று, இவர்களுக்குக் குழு ஏற்கெனவே இருக்கிறது. ஒரே திண்ணையில் அஞ்சாறு பேர் பேசிக்கொண்டே சுற்றுகிறார்கள். அங்கேயே தொடங்கலாம். இரண்டு கட்டு முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து எழுந்திருப்பது, தெருமுனை வரை போய்த் திரும்புவது. தனியாக ஒருத்தி எழுந்தால் "இவளுக்கு என்ன வந்துச்சு" என்பார்கள், ஆறு பேரும் எழுந்தால் அது வழக்கமாகிவிடும். பீடிக் கடைக்குச் சுற்றியதைக் கொடுக்கப் போகும்போது சுற்று வழியாக நடந்து போவது. டீயோடு வரும் முறுக்கு, சேவுக்குப் பதில் அவித்த பயறு, நிலக்கடலை, முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பத்துப் பத்து நிமிஷமாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும்.

மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவர்கள்?

சேரலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு. இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுக்கிறவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்து நடையைக் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுங்கினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, கண் இருட்டினாலோ நடையை நிறுத்தி உடனே குளுக்கோஸ் அல்லது சீனி வாயில் போட வேண்டும். பையில் எப்போதும் இருக்கட்டும். நெஞ்சு அழுத்தினாலோ இடது தோள், தாடைப் பக்கம் வலி பரவினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், வீட்டுக்குப் போய்ப் படுக்கப் பார்க்காதீர்கள். கர்ப்பிணிகள் எடை குறைக்க முயல வேண்டாம். பிள்ளைகளை இந்த வட்டத்தில் சேர்ப்பதில்லை. அவர்கள் விளையாடட்டும், சாப்பாட்டை வீட்டார் மாற்றிக்கொள்ளட்டும்.

இப்போது ஊசி வந்திருக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டால்?

2025-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டிர்செபடைடு போன்ற ஊசிகள் பசியைக் குறைத்து எடையைக் குறைக்கும். யாருக்குத் தேவை என்று டாக்டர்தான் எழுத வேண்டும். நிறுத்தினால் போன எடை பெரும்பாலும் திரும்பி வருகிறது. ஊசியால் எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. ஊசி போடுகிறவர்களுக்கும் நடையும் பருப்பும் முட்டையும் தேவை. அவர்களும் வரலாம். "குறுக்கு வழி" என்று யாராவது பேசினால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் மாதம் மூன்று கிலோ குறைந்தது, அப்புறம் நின்றுவிட்டது. ஏன்?

முதலில் போனதில் ஒரு பங்கு தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைத் தண்ணீரோடு சேர்த்துத்தான் சேமித்து வைக்கிறது, அது தீரும்போது தண்ணீரும் சேர்ந்து போகும். பிறகு வாரம் அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம். எடை குறையக் குறைய உடம்புக்கு வேண்டிய கலோரியும் குறையும், அதனால் அதே சாப்பாட்டில் ஒரு கட்டத்தில் நிற்கத்தான் செய்யும். 80 கிலோ இருந்தவர் 4 கிலோ குறைத்து அங்கேயே நின்றாலும் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பலன் உண்டு. நிற்கிற மாதங்களில் டேப்பை எடுத்து இடுப்பை அளங்கள்.

குழுவில் சேர்வதால் பலன் என்று நிரூபணம் இருக்கிறதா?

நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகாவில், 1,007 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஊர்க்காரர்களையே குழுத் தலைவர்களாகப் பழக்கி ஓராண்டு கூட்டம் நடத்தினார்கள். 2018-இல் முடிவு வந்தது. சர்க்கரை நோய் வந்தவர்களின் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது, குடி குறைந்தது. குழு மந்திரம் போல வேலை செய்யும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. பழக்கம் மாற உதவும், அந்தப் பழக்கத்தை விடாமல் பிடித்துக்கொள்ள உதவும்.

பத்து நாளாக வரவில்லை, எல்லாம் விட்டுப்போச்சு. இனி எந்த முகத்தோடு வருவது?

அதே முகத்தோடு வாருங்கள். நன்றாக நடக்கிறவர்கள் குழு இல்லாமலும் நடப்பார்கள். விட்டுப்போனவர்களுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். யாராவது இரண்டு ஞாயிறு வராவிட்டால் அவருடைய துணை வீட்டுக்கே போக வேண்டும் என்று வைத்திருக்கிறோம். போய் எடையைப் பற்றிப் பேசக் கூடாது. ஒருமுறை அப்படிப் போனபோது அந்த மதினியின் மாமியார் படுக்கையில் விழுந்திருந்தார், ராத்திரி தூக்கமே இல்லை. மைதானத்துக்கு வர அவருக்கு வழியே இல்லை. அவருடைய துணை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், மொட்டை மாடியில் கால் மணி நேரம் அவரோடு நடந்துவிட்டு வர ஆரம்பித்தார். திரும்ப வருகிறவரிடம் "ஏன் வரல?" என்று வட்டத்தில் கேட்பதும் கிடையாது. "இந்த வாரம் என்ன செய்யப் போறிய?" என்பதுதான் கேள்வி.

எங்கள் ஊரிலேயே தொடங்க முடியுமா?

தாராளமாக. அஞ்சு பேர் போதும், பதினைந்துக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள். எல்லாரும் பேச நேரம் வேண்டும். இடம் குளக்கரை, பள்ளி மைதானம், டவுன்காரர்களுக்கு நெல்லையப்பர் கோயிலின் நான்கு ரத வீதி, எதுவானாலும் சரி. சித்திரை வெயிலில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கூரையுள்ள இடம் ஒன்றை முன்பே பேசி வையுங்கள், மழையில் நின்றுபோகும் குழு தையில் திரும்பக் கூடுவது கஷ்டம். ஒரே ஆள் தலைவராக இருக்க வேண்டாம், மாதம் ஒருவர் நடத்தட்டும்.

முதல் நாள் என்ன கொண்டு வர வேண்டும்?

தேயாத செருப்பு அல்லது ஷூ, தண்ணீர் பாட்டில், எடுக்கிற மருந்துகளின் சீட்டு, ஒரு நோட்டு. பாதத்தில் புண்ணோ மரத்துப்போன உணர்வோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அன்றைக்கு நடக்க வேண்டாம், வட்டத்தில் மட்டும் உட்காரலாம். வெறும் வயிற்றில் தலை சுற்றுகிறவர்கள் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு வரலாம்.